கொடுங்கோலுக்குக் கடன் எதற்கு?

2021-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13-ஆம் நாள், பன்னாட்டுப் பண வைப்பகம் (நாளிதழ்கள் பன்னாட்டு நாணய நிதியம் என எழுதுவது) பருமா நாட்டிற்கு முப்பத்தைந்து கோடி அமெரிக்கத் தாலர் வழங்க இசைந்தது. கொள்ளை நோயால் தொழில் முடங்கி நலிந்த மக்களுக்கான கடன் அது என ஆவணங்கள் கூறின. பணமும் காலந்தாழாது சென்று சேர்ந்தது. கடன் இசைந்த பத்தொன்பதாம் நாள், பிப்பிரவரி முதல் நாள் விடியற்காலையில், படைத்தலைவன் மின் ஆங் இலைங் மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கவிழ்த்தான். நாட்டின் நடுவண் வைப்பகம் அவன் கைக்குட்பட்டது. அதன் துணை ஆளுநர் சிறைப்பட்டார். புதிய ஆளுநனாகப் படையினர்க்கு வேண்டியவன் அமர்த்தப்பட்டான். பசித்தவன் வாய்க்கென்று அனுப்பிய சோறு கொள்ளையன் உண்கலத்தில் விழுந்தது! திருப்பி எடுக்க வழியுண்டா என்று உலகம் கேட்டபோது, வழியில்லை என்பதே விடையாயிற்று. எவ்வகைக் கட்டுப்பாடும் விதியாமல் விரைந்து கொடுக்கப்பட்ட கடன் அது.

அக்கடனைத் திருப்பிக் கட்டப்போவது யார்? மின் ஆங் இலைங் அல்லன். அவன் குண்டுக்குத் தப்பிய குழந்தைகள் வளர்ந்து, வரி செலுத்தி, வட்டியும் முதலுமாகக் கட்டுவர். தம் தந்தையைச் சுட்ட துமுக்கியின் விலையைத் தாமே கொடுக்கும் கொடுமை வேறெந்த வாணிகத்தில் உண்டு?

தமிழில் கடன் என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. திருப்பித் தரற்குரிய பொருளும் கடன். செய்தேயாக வேண்டிய கடமையும் கடன். பழந்தமிழ் நூல்களில் இரண்டாம் பொருளே மிகப் பயின்று வரும். ஆசிரியன் கடன், வேந்தன் கடன், தாயின் கடன் என்று பேசிய மக்களுக்கு, வாங்குவோன் கடமை வேறு, கொடுப்போன் கடமை வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோலைக் கையிற் பிடித்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்கும் கொடியவனை, வேலைக் கையிற் பிடித்து வழிமறிக்கும் கள்வனோடு ஒப்பிட்டார் வள்ளுவர். அக்கள்வனுக்கு வேல் வாங்கப் பணம் கொடுத்தவனை என்னென்பது?

"கடன் கொடுப்போர் கணக்கைப் பார்த்தால் போதும், வாங்குவோன் குடியாட்சியாளனா கொடுங்கோலனா என்று பார்ப்பது அவர் வேலையன்று" என்போர் பலர். உலக வைப்பகத்தின் அடிப்படை உடன்படிக்கையிலேயே, நான்காம் பிரிவின் பத்தாம் உட்பிரிவில், உறுப்பு நாடுகளின் அரசியலில் தலையிடலாகாது, பொருளியல் ஒன்றே கருதத்தக்கது என்று எழுதியிருக்கிறது. எழுத்து அழகிய எழுத்துத்தான்! ஆனால் அவ்வைப்பகத்தில் நாட்டுக்கு ஒரு வாக்கென்பது இல்லை. போட்ட பணத்திற்கேற்ற வாக்கே உண்டு. மிகுந்த பணம் போட்ட அமெரிக்காவுக்கு மிகுந்த வாக்கு. பணத்தால் வாக்கை அளக்கும் அவையில் அரசியல் இல்லை என்பது, மீன் கடையில் நாற்றமில்லை என்பது போன்றது.

சிலி நாட்டில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். 1970-இல் மக்கள் வாக்கால் ஆட்சிக்கு வந்தவர் அயேந்தே. செப்புச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கினார். அமெரிக்கக் குழுமங்கள் சினந்தன. அவர் ஆண்ட மூன்றாண்டிலும் உலக வைப்பகம் அந்நாட்டுக்குப் புதுக்கடன் ஒன்றும் வழங்கவில்லை. 1973 செப்தம்பர் 11-இல் பினோசே என்னும் படைத்தலைவன் குடித்தலைவர் மாளிகைமேல் குண்டுவீசி ஆட்சியைப் பறித்தான். அயேந்தே அன்றே இறந்தார். அதன்பின் வைப்பகத்தின் கதவு திறந்தது! மக்களாட்சிக்குப் பூட்டிய கதவு கொலையாட்சிக்குத் திறந்தபோது பத்தாம் உட்பிரிவு எங்கே உறங்கிற்று? பின்னர் 1980-களின் நடுவில் அதே அமெரிக்கா, பினோசேவுக்கான வைப்பகக் கடன்மீது வாக்களியாமல் ஒதுங்கத் தொடங்கியது. கடன் தடைப்படவில்லை, ஆயினும் வளர்த்தவனே முகந்திருப்பினான் என்பது சிலி மக்களுக்கு விளங்கிற்று. 1988 அக்தோபர் 5-ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு ஐம்பத்தாறு பேர் பினோசே வேண்டா என்றனர். வெற்றி அம்மக்களுடையது, வைப்பகத்தினுடையதன்று. ஆனால் கடன் என்னும் கடிவாளம் உலகில் உண்டென்பதும், அஃது எக்காலத்தும் அரசியற் கைகளாலேயே பிடிக்கப்பட்டதென்பதும் இதனால் தெளிவாகும். யாருக்காகப் பிடிப்பது என்பது மட்டுமே கேள்வி.

மீண்டும் பருமாவுக்கு வருவோர்க்குச் சில பழைய செய்திகள் வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே மிகுந்த அரிசியை ஏற்றுமதி செய்த நாடு அது. ஐராவதி ஆற்றின் கழிமுகம் காடாகக் கிடந்தது. அதைக் கழனியாக்கப் பணம் வேண்டியிருந்தது. அப்பணத்தில் பெரும்பங்கு செட்டிநாட்டிலிருந்து சென்றது. உழைத்த கைகளிலும் தமிழர் கைகள் பல. 1930-இல் நெல் விளையும் பதின்மூன்று மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலமே செட்டிமாரிடம் இருந்தது. நெல்விலை வீழ்ந்தது, அடைமானம் மூழ்கிற்று, 1938-இல் அஃது இருபத்தைந்து பங்காயிற்று. நிலத்தை வேண்டி அவர் கடன் கொடுத்தாரல்லர்; காசாகத் திரும்புவதையே விரும்பினர். எனினும் நிலமிழந்த உழவனுக்கு அந்நுணுக்கம் எங்ஙனம் விளங்கும்? அவன் சினம் அயலவர்மேல் மூண்டது. கடன் ஒரு நாட்டின் அரசியலை எவ்வளவு ஆழமாகக் கீறும் என்பதைத் தமிழர் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

1962 மார்ச்சு 2-இல் நே வின் என்னும் படைத்தலைவன் ஆட்சியைப் பறித்தான். கடைகளும் ஆலைகளும் வைப்பகங்களும் படையின் உடைமையாயின. 1964-இல் ஐம்பது கியாட்டு, நூறு கியாட்டுத் தாள்கள் செல்லா என ஓர் ஆணை பிறந்தது. ஏறத்தாழ மூன்றிலக்கம் இந்திய வழியினர், அவருள் தமிழர் பல்லாயிரவர், வெறுங்கையராய்க் கப்பலேறினர். சென்னைக் கடற்கரை நிலையத்தின் எதிரே பருமாக் கடைத்தெரு என்று ஒன்று தோன்றியது அவ்வெறுங்கையர் பிழைப்புக்காகவே. அங்கே கடை வைத்திருந்த முதியோரிடம் கேட்டிருந்தால், படையாட்சி என்பது என்னவென்று எந்தப் பேராசிரியரினும் நன்றாகச் சொல்லியிருப்பர்.

நே வின்னின் பித்து அத்துடன் நிற்கவில்லை. 1987 செப்தம்பர் 5-ஆம் நாள் 25, 35, 75 கியாட்டுத் தாள்களை ஈடின்றிச் செல்லாதனவாக்கினான். மாணவர் கட்டணத்திற்கு வைத்திருந்த காசும் மகளின் மணத்திற்குத் தாய் சேர்த்த காசும் ஒரு பகலில் வெறுந்தாளாயின. அவற்றுக்கு மாற்றாக வந்தவை 45, 90 கியாட்டுத் தாள்கள்! ஒன்பதால் வகுபடும் எண்ணில் அவனுக்கொரு நம்பிக்கையாம். ஓர் இனத்தின் பொருளியலே கணியன் பலகையில் உருண்டது. அதே ஆண்டின் இறுதியில் உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றெனப் பருமாவை ஒன்றிய நாடுகள் அவை பட்டியலிட்டது. கடன் சுமையைக் குறைக்க அவ்விழிபெயரை அவ்வாட்சியே வேண்டிப் பெற்றது.

1988 ஆகத்து 8-இல் நாடே தெருவில் இறங்கியது. படை சுட்டது. செப்தம்பர் 18-இல் புதுப் படைக்குழு ஒன்று பழைய படையாட்சியின் இடத்தில் அமர்ந்தது. 1990 மே 27-இல் அக்குழுவே நடத்திய தேர்தலில், ஆங் சான் சூச்சி வீட்டுச் சிறையில் இருக்கையிலேயே, அவர் கட்சி 485 இடங்களில் 392-ஐ வென்றது. வென்றவர் சிறை புகுந்தனர். தோற்றவர் அரண்மனை புகுந்தனர்.

இக்கட்டத்தில்தான் கடன் தடை உண்மையாக வந்தது. உலக வைப்பகமும் ஆசிய வளர்ச்சி வைப்பகமும் புதுக்கடனை நிறுத்தின. 1996-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், பன்னாட்டு வைப்பகங்களில் அமர்ந்திருக்கும் அமெரிக்க இயக்குநர் பருமாவுக்கான எக்கடனையும் எதிர்த்தே வாக்களிக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. இத்தடை இருபதாண்டுக்கு மேல் நின்றது. படையாட்சியும் இருபதாண்டுக்கு மேல் நின்றது. "பார்த்தீர்களா, தடையால் என்ன பயன்?" என்று எள்ளுவோர்க்கு இஃதொன்றே கையிருப்பு.

கையிருப்பு செல்லாக் காசு என்பதை அவர்க்குக் காட்டியாக வேண்டும். வாயிலை அடைத்துவிட்டுச் சாளரத்தைத் திறந்து வைத்தால் கள்வன் எங்ஙனம் பட்டினி கிடப்பான்? 1998-இல் யாதனா எரிவளி வயலிலிருந்து குழாய்வழியே தாய்லாந்துக்கு எரிவளி சென்றது. அதனைத் தோண்டியவை பிரெஞ்சு, அமெரிக்கக் குழுமங்கள். அமெரிக்கா 1997-இல் புதிய முதலீட்டைத் தடுத்தது. முன்னரே போட்ட முதலீட்டைத் தடுக்கவில்லை. ஒரு கையால் கடன் தடை, மறு கையால் எரிவளிப் பணம்!

அப்பணத்தைப் படைத்தலைவர் கணக்கெழுதிய வகையைக் கேட்டால் செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகளே வாய்பிளப்பர். அரசு அறிவித்த மாற்று மதிப்பில் ஒரு தாலருக்கு ஆறு கியாட்டு. இரங்கூன் தெருவில் அதே தாலருக்கு ஆயிரம் கியாட்டு. எரிவளி விற்ற தாலரை ஆறு ஆறாக அரசு ஏட்டில் வரவு வைத்தனர். ஆயிரம் கியாட்டு மதிப்புள்ள வரவு ஏட்டில் ஆறு கியாட்டாய்ச் சுருங்க, எஞ்சியது ஏட்டுக்கு வெளியே படைத்தலைவர் விருப்பத்திற்குக் கிடந்தது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணமில்லை என்று அதே ஏட்டைக் காட்டினர். காட்டுக்கு நடுவே நேப்பியிதோ என்னும் புதுத் தலைநகரும், இருபது வழித்தட நெடுஞ்சாலையும் எழுந்தன. அச்சாலையில் ஓட ஊர்திகள்தாம் இல்லை. 2012 ஏப்பிரல் முதல் நாளன்றுதான் அப்பொய் மாற்று மதிப்பு கைவிடப்பட்டது.

ஆகவே தடை தோற்றதென்பது பிழை. அரைத்தடை தோற்றது என்பதே உண்மை. அதனினும் கசப்பானதோர் உண்மை உண்டு. தடை பயன்தரத் தொடங்கிய வேளையில் அதைப் பிடித்திருந்தோர் கைகளே தளர்ந்தன.

2008 மே திங்களில் நர்கீசுச் சூறாவளி ஐராவதிக் கழிமுகத்தைத் துடைத்தெறிந்தது. இறந்தாரும் காணாமற்போனாருமாக ஏறத்தாழ 1,38,000 பேர். பிணங்கள் நீரில் மிதந்துகொண்டிருக்க, மே 10-ஆம் நாள், படைத்தலைவர் தம் அரசியலமைப்புச் சட்டத்திற்கு வாக்கெடுப்பு நடத்தினர். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் இசைந்தனராம்! அச்சட்டப்படி நாடாளுமன்ற இரு அவைகளிலும் நான்கில் ஒரு பங்கு இருக்கை படைக்குரியது. உள்துறை, பாதுகாப்பு, எல்லைப்புறம் ஆகிய மூன்று அமைச்சரையும் படைத்தலைவனே பெயர் குறிப்பான். சட்டத்தின் இன்றியமையாப் பகுதிகளைத் திருத்த நான்கில் மூன்று பங்கினும் மிகுந்த வாக்கு வேண்டும். நான்கில் ஒரு பங்கு எவரிடம்? படையிடம். பூட்டும் அவர்களுடையது, திறவுகோலும் அவர்களுடையது.

2011-இல் சீருடையைக் கழற்றிய தெயின் செயின் ஆட்சிக்கு வந்து சீர்திருத்தம் பேசினார். ஏன் பேசினார்? சீனத்தையே முழுதும் நம்பிக் கிடப்பது படையினர்க்கே மூச்சுமுட்டிற்று. வெளிநாட்டுப் பணம் வேண்டியிருந்தது. நிலுவையில் கிடந்த பழங்கடன் புதுக்கடனுக்குத் தடையாய் நின்றது. கடன் தடை ஒன்றே அவர்களை வளைத்தது என்பது மிகை. வளைத்தவற்றுள் அதுவும் ஒன்று என்பதை மறுப்பது பொய். 2012 ஏப்பிரல் இடைத்தேர்தலில் சூச்சியின் கட்சி 45 இடங்களில் 43-ஐ வென்றது. மேலைநாடுகள் களிகூர்ந்தன.

அப்போது கடன்கொடுப்போர் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்நான்கில் ஒரு பங்கை எப்போது விடுவீர்? கேட்கவில்லை. 2013 சனவரியில் சப்பானிய அரசின் வைப்பகமொன்று இடைக்கடன் கொடுக்க, உலக வைப்பகத்தின் நிலுவையும் ஆசிய வளர்ச்சி வைப்பகத்தின் நிலுவையும் ஒரே நாளிற் கழுவப்பட்டன. உடனே முன்னது 44 கோடித் தாலரும் பின்னது 51 கோடித் தாலருக்கு மேலும் புதுக்கடன் வழங்கின. அதே திங்களில் பாரிசில் கூடிய கடனாளர் குழு நாடுகள் ஏறத்தாழ 600 கோடித் தாலர் பழங்கடனைத் தள்ளுபடி செய்தன. இருபதாண்டுகள் கட்டிய அணையை மூன்று கிழமையில் உடைத்தனர்! அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சந்தை திறக்கிறது, எரிவளி இருக்கிறது, தொலைபேசி விற்கலாம், சீனனை முந்தலாம் என்னும் விரைவே அங்கு அறத்தை முந்திற்று.

2017 ஆகத்தில் அரக்கானில் உரோகிங்கியா மக்களின் ஊர்களை அப்படையே எரித்தது. ஏழிலக்கத்திற்கு மேற்பட்டோர் வங்காளதேசம் நோக்கி ஓடினர். அப்போது உலக வைப்பகம் 20 கோடித் தாலர்க் கடன் ஒன்றைத் தள்ளி வைத்தது. குடியாட்சித் தலைவி என்று உலகம் போற்றிய சூச்சி அம்மையார், அனைத்துலக நயன்மன்றில் அப்படையின் சார்பாக எழுந்து நின்ற இழிவும் 2019-இல் நடந்தது. அதனையும் மறைக்காமற் சொல்வதே நேர்மை. படையைப் பகைக்காதிருந்தால் படை தம்மைக் காக்கும் என்று அவர் எண்ணியிருக்கலாம். 2020 நவம்பர் தேர்தலில் 476 இடங்களில் 396-ஐ அவர் கட்சி வென்றது. மூன்று திங்களுள் அவரைப் படை சிறையிலிட்டது.

இனி, "கடனை நிறுத்தினால் ஏழைகளன்றோ வாடுவர்?" என்னும் கேள்வி. இரக்கத்தின் குரலில் வருவதால் இதற்கு மதிப்புடன் விடை சொல்ல வேண்டும். தடைகளுள் ஏழையை வாட்டும் தடையும் உண்டு. 2003-இல் அமெரிக்கா பருமாவின் சரக்குகள் அனைத்தையும் தடுத்தபோது, ஆடைத் தொழிற்சாலைகள் மூடிப் பல்லாயிரம் தொழிலாளர், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலையிழந்தனர். படைத்தலைவன் வீட்டு அடுப்பு அதனால் அணையவில்லை. அத்தகைய தடையை ஆதரிக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் அரசுக் கருவூலத்திற்குச் செல்லும் கடன் அவ்வகையன்று. அஃது ஏழையின் கைக்கு வருமுன் படைத்தலைவனின் கையைக் கடந்தாக வேண்டும். சாலைக்கென்று வந்த பணம் சாலைக்கே செலவானாலும், சாலைக்காக அவன் ஒதுக்கியிருந்த பணம் குண்டுக்கு விடுபடுகிறது. பணத்திற்கு முத்திரை குத்தி அனுப்ப இயலாது. துயர்துடைப்பு வேறு, அரசுக்கடன் வேறு. 2025 மார்ச்சு 28-இல் மண்டலை அருகே நிலம் நடுங்கி மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்ட நாள்களிலும் அப்படையின் வானூர்திகள் ஊர்கள்மேல் குண்டு வீசுவதை நிறுத்தவில்லை. அத்தகைய கையின் வழியாகத்தான் ஏழைக்குச் சோறு போக வேண்டுமா? தாய்லாந்து எல்லையிலும் மணிப்பூர், மிசோரம் எல்லையிலும் உள்ளூர்த் தொண்டர் குழுக்கள் அரிசியும் மருந்தும் தோளிற் சுமந்து செல்கின்றன. இரங்குவோர் அவர்க்குக் கொடுக்கட்டும்.

2021-க்குப் பின் உலக வைப்பகமும் ஆசிய வளர்ச்சி வைப்பகமும் பணப்பட்டுவாடாவை நிறுத்தின. அமெரிக்க நடுவண் வைப்பகத்தில் பருமா அரசின் பெயரிலிருந்த ஏறத்தாழ நூறு கோடித் தாலரைக் கவிழ்ப்பு நடந்த சில நாள்களிலேயே எடுக்க முயன்றனர் படையினர், அது முடக்கப்பட்டது. விளைவு? 2022 ஏப்பிரலில், குடிகளும் வணிகரும் ஈட்டும் வெளிநாட்டுப் பணத்தை அரசு சொன்ன மதிப்பில் கியாட்டாக மாற்றியே தீர வேண்டும் என ஆணை வந்தது. சூலையில், வெளிநாட்டுக் கடன் தவணைகளைத் தனியார் கட்டலாகாது என மற்றோர் ஆணை. தாலருக்குத் தவித்தவன் இடும் ஆணைகள் இவை. 2022 தொடக்கத்தில் பிரெஞ்சு எண்ணெய்க் குழுமம் வெளியேறுவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் பருமாவின் எண்ணெய் எரிவளி நிறுவனத்தைத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. அமெரிக்காவோ அந்நிறுவனத்தின் பணப் போக்குவரவைத் தொட 2023 இறுதிவரை காத்திருந்தது. ஏன் அத்தனை காலம் என்பதை அமெரிக்க எண்ணெய்க் குழுமங்கள் அறியும்!

தடை கடிக்கும் என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. ஒன்றிய நாடுகள் அவையின் தனிப்பேராளர் தாமசு ஆந்திரூசு 2023 மே திங்களில் வெளியிட்ட அறிக்கையில், கவிழ்ப்புக்குப் பின் அப்படைக்குச் சென்ற படைக்கலமும் அவற்றுக்கான மூலப்பொருளும் நூறு கோடித் தாலர் அளவின என்று காட்டினார். உருசியாவிலிருந்து 40.6 கோடி, சீனத்திலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரிலிருந்து 25.4 கோடி. சிங்கப்பூர் அரசு நாணி உசாவலில் இறங்கியது. அடுத்த ஆண்டறிக்கையில் சிங்கப்பூர் வழிச் சரக்கு ஓராண்டில் பதினொரு கோடியிலிருந்து ஒரு கோடியளவுக்கு வீழ்ந்திருந்தது. படை எடுக்கவில்லை, குண்டு வீசவில்லை. வைப்பகக் கணக்குகளைத் துருவிப் பார்த்ததன் விளைவு அது. ஆனால் அதே ஓராண்டில் தாய்லாந்து வைப்பகங்கள் வழியே சென்ற சரக்கு இருமடங்காயிற்று. மூடிய சாளரத்தருகே மற்றொரு சாளரம்.

அவ்வறிக்கையின் பட்டியலில் வேறொரு நாடும் இருந்தது. ஐந்து கோடியே பத்திலக்கம் தாலர் மதிப்புள்ள சரக்கு அங்கிருந்து சென்றது. அனுப்பியவற்றுள் அரசுடைமை நிறுவனங்களும் உண்டு. அந்நாடு இந்தியா. காந்தியடிகள் பெயரை நாள்தோறும் உருட்டும் தில்லி, சூச்சிக்கு நேரு பரிசு அறிவித்த தில்லி, அவரைச் சிறையிட்டவனுக்குச் சரக்கனுப்பியது! 2025 தொடக்கத்திற்குள் அப்படையால் கொல்லப்பட்ட பொதுமக்கள் ஆறாயிரத்திற்கு மேல் எனப் பருமாவின் அரசியற் சிறையாளர் துணைக்கழகம் ஒவ்வொருவராகப் பெயர் குறித்துக் கணக்கிட்டிருந்தது.

2025 திசம்பர் 28-இல் தொடங்கி 2026 சனவரியில் முடித்த வாக்கெடுப்பு ஒன்றையும் அப்படை நடத்திக் காட்டிவிட்டது. சூச்சியின் கட்சி 2023-இலேயே கலைக்கப்பட்டிருந்தது. தேர்தலைக் குறைகூறுவதே குற்றம் என முன்னதாகவே சட்டம் செய்தனர். நாட்டின் பல பகுதிகளில் வாக்குச்சாவடி வைக்கவே அவர்களால் இயலவில்லை. படையின் கட்சி வென்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இதனைத் தேர்தலென்று ஏற்று, "சீர்திருத்தம் தொடங்கிவிட்டது, இனிக் கடன் கொடுக்கலாம்" என்று சொல்லும் வாய்கள் எழும். 2013-இல் எழுந்த அதே வாய்கள்.

அலெக்சாந்தர் சாக் என்னும் உருசியச் சட்ட அறிஞர் 1927-இலேயே ஒரு கருத்தை வகுத்தார். கொடுங்கோலன் குடிகளின் நலனுக்கன்றித் தன் வலிமைக்காக வாங்கிய கடன், கொடுத்தவனும் அதை அறிந்தே கொடுத்திருப்பின், அவனோடு ஒழிய வேண்டிய கடன். பின்வரும் மக்களைக் கட்டாது. கடன்கொடுக்கும் நாடுகள் இதனை இன்றளவும் சட்டமாக ஏற்கவில்லை. ஏற்றால் தம் பெட்டிக்கே இழப்பன்றோ? 2021 பிப்பிரவரி முதல் நாளுக்குப் பின் பருமாப் படையாட்சி வாங்கும் எக்கடனும் நாளைய குடியாட்சியைக் கட்டாது என்று அந்நாடுகள் முன்கூட்டியே அறிவிக்கட்டும். திரும்பி வாராத கடனை எந்தச் சீனனும் உருசியனும் கொடுக்கத் தயங்குவான். அவ்வறிவிப்புக்கு ஒரு காசும் செலவில்லை.

உலக வைப்பகத்தின் இயக்குநர் அவையிலும், பன்னாட்டுப் பண வைப்பகத்தின் அவையிலும், ஆசிய வளர்ச்சி வைப்பகத்தின் அவையிலும் இந்தியாவுக்கு இருக்கை உண்டு. பருமாவுக்கான கடன் கோப்பு அம்மூன்று மேசைகளுள் ஒன்றில் மீண்டும் விரிக்கப்படும் நாளில் அவ்விருக்கைக்காரர் கையுயர்த்துவாரா, ஒதுங்குவாரா, எதிர்ப்பாரா? 1964-இல் வெறுங்கையராய்க் கப்பலேறியவர்களின் மக்களும் பெயரர்களும் வாக்களித்துத் தில்லிக்கு அனுப்பிய தமிழ்நாட்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அக்கேள்வியை எழுப்பலாம். எழுத்து வடிவில் விடை பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.